திரை கறுத்துப்போன மாதங்கள்

சுவர்ணா அன்றைக்குச் சமையலறையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை முற்பகல். பின்னால் அறைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி குளியலறைக்குத்தான் போகிறான் என்று நினைத்துத் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் அவனுக்குப் பிடிக்காது. ஆனால் காலடி குளியலறைப் பக்கம் போகாமல் சமையலறை வாசலில் வந்து நின்றது.

"அக்கா, பிசி ரோசாக் ஆயிருச்சு போல. சரியா ஓட மாட்டேங்குது."

கிள்ளிய கை அப்படியே நின்றது. அவனாக வந்து அவளிடம் ஒரு பேச்சுப் பேசி எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. "சாப்பாடு வச்சிருக்கேன்" என்று இவள் சொல்வாள், "ம்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்த வீட்டில் பேச்சென்பது அவ்வளவுதான்.

"என்னாச்சுப்பா?"

"கேம் ஆடிக்கிட்டு இருக்கும்போதே ஸ்கிரீன் கறுத்துப் போயிருது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேக்குது, அப்பறம் அதுவும் ஒரே இழுவையா இழுத்துக்கிட்டு நின்னுருது. உள்ள காத்தாடி மட்டும் பேய் புடிச்ச மாதிரி சுத்துது. ஆஃப் பண்ணிப் போட்டா மறுபடி நல்லா வருது. கொஞ்ச நேரத்துல திரும்பக் கறுத்துருது."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, இவ்வளவு பேசியது தானா என்பதுபோல அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முடி தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெயில் படாத கழுத்து வெளிறிப்போய் இருந்தது. சுவர்ணா குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். அந்தப் பெட்டி நாசமாய்ப் போகட்டும் என்று அவள் சாமியிடம் வேண்டாத வெள்ளிக்கிழமை இல்லை. இப்போது அது நாசமாகிக்கொண்டிருக்கிறது. இருந்தும் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"வா, என்னன்னு பாப்போம்."

அவனுக்குத் திருக்குமரன் என்று பெயர். அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அவர்கள் அப்பா ஸ்கந்தராஜா ஈப்போவை அடுத்த லகாட்டைத் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். தோட்டம் விற்கப்பட்டு, மரங்கள் வெட்டப்பட்டு, அதே நிலத்தில் வரிசை வீடுகள் எழும்பியபோது, பென்ஷன் பணத்தில் ஒரு வீட்டை வாங்கினார். சுவர்ணா அரசாங்கக் கிளினிக்கில் பல் மருத்துவத் தாதி. பள்ளிப் பிள்ளைகளை நாற்காலியில் சாய்த்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, "ஆ காட்டு" என்று சொல்லியே அவளுக்கு வயதாகிவிட்டது. ஒருமுறை லூமுட்டுக்குப் பதவி உயர்வோடு மாற்றம் வந்தது. அம்மா படுக்கையில் கிடந்த சமயம். வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அம்மா போனபிறகு அப்பா. கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டன. அதற்காக அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. தம்பி நன்றாக வந்துவிட்டான் என்ற நினைப்பு இருந்தது.

வந்தும்தான் இருந்தான். ஷா ஆலமில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் இன்ஜினியர். கொரோனாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது ரெண்டு வாரத்துக்கென்று ஒரு பையோடு வீட்டுக்கு வந்தான். கம்பெனி ஆட்களைக் குறைத்தது. அதில் இவனும் போனான். அப்பா இறந்ததும் அந்தக் காலத்திலேதான். சுடுகாட்டுக்கு எண்ணிச் சில பேரைத்தான் விட்டார்கள். குமரன் முகக்கவசத்தோடு கொள்ளி வைத்துவிட்டு வந்து குளித்தான், அறைக்குள் போனான்.

அன்றைக்குத்தான் கதவு சாத்தப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாத்திக்கொண்டது. முதலில் உறவுக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு வரமாட்டேன் என்றான். பிறகு கோயிலுக்கு, பிறகு முடி வெட்டக்கூட வெளியே போகவில்லை. கடைசியில் சாப்பாட்டு மேசைக்கும் வருவதை விட்டான். சுவர்ணா அவனைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த தடவை அவன் எழுந்திருக்கவில்லை. "ஒன்னும் இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றான். எங்கோ இருக்கும் யார்யாருக்கோ நெட்வொர்க் கோளாறுகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே சரிசெய்து கொடுத்து, தன் செலவுக்குத் தானே பார்த்துக்கொண்டான். அதனால் அவனைச் சோம்பேறி என்று திட்டவும் அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

அன்றைக்கு அவள் அந்த அறைக்குள் கால் வைத்தபோது மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தயாராகத்தான் போனாள். அறை சுத்தமாக இருந்தது. படுக்கை விரிப்பு மடிப்பில்லாமல் கிடந்தது. மேசையில் ஒரு கோப்பி மங்கு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஜன்னலை மட்டும் அட்டை வைத்து அடைத்திருந்தான். மேசைக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புப் பெட்டி, கண்ணாடிக் கதவுக்குள் பச்சையும் ஊதாவுமாக விளக்கு எரிய நின்றது.

"இதுல எது என்னான்னு சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். விரல் நீட்டி, ஒவ்வொன்றாக. இது கிராஃபிக்ஸ் கார்டு, படத்தைக் காட்டுறது இதுதான். இது ரேம். கீழே இருப்பது பவர் சப்ளை. அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை, தூசி மட்டும் தெரிந்தது. தூசி அவளுக்குப் புரிகிற சங்கதி. தன் பையிலிருந்து தலைவிளக்கை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவன் திருகாணிகளைக் கழற்றிக் கொடுக்க, மெல்லிய தூரிகையால் காத்தாடி இலைகளுக்கு நடுவே, பல்லிடுக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்துப் பார்த்துத் துடைத்தாள்.

"அக்கா, கை நடுங்காம நல்லாச் செய்றீங்க" என்றான் அவன்.

அந்த ஒரு சொல் அவளுக்குப் பல நாள் போதுமானதாக இருந்தது.

சுத்தம் செய்தும் திரை கறுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் பசியாற உட்கார்ந்த நேரத்தில் அவன் மறுபடி வந்து நின்றான். டிரைவர் மென்பொருளை முழுசாக அழித்துப் புதிதாகப் போட்டுப் பார்த்தானாம், அப்படியும் அதே கதைதான். கேபிளாக இருக்கலாம் என்றான். திங்கட்கிழமை கிளினிக்கில் இருக்கும்போது அவள் கைப்பேசிக்கு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. இந்த மாதிரிக் கேபிள், இந்த நீளம். ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவன் அவளுக்குச் செய்தி அனுப்பியே வருஷக்கணக்காகிவிட்டது. வேலை முடிந்து ஈப்போவுக்குள் போய், மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி வந்தாள்.

கேபிள் மாற்றியும் சரியாகவில்லை. ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒன்றைமட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். சூடு ஏறுகிறதா என்று பார்த்தார்கள். சூடு அளவோடுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவன் ஆட்டத்தைத் தொடங்குவான், அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோட்டை, மழை, ஓடுகிற உருவங்கள். திடீரென்று எல்லாம் கறுத்து, அந்தக் கறுப்பில் இருவர் முகமும் தெரியும். காத்தாடி கத்தும். "பாத்தீங்களா?" என்பான். "பாத்தேன்பா" என்பாள்.

அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்ததை மறைப்பதற்கில்லை. திரை கறுத்தால் கதவு திறந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போதே, "இன்னைக்கு என்னப்பா, கறுத்துச்சா?" என்று கேட்பாள். அவனும் வெளியே வந்து, இன்றைக்கு என்ன செய்து பார்த்தேன், ஆட்டத்தின் எந்த இடத்தில் நின்றது என்று சொல்வான். கேட்டுக்கொண்டே அவள் சோறு போடுவாள். சொல்லிக்கொண்டே அவன் சாப்பிட்டுவிடுவான். சரியாகிவிட்டால் இது நின்றுவிடுமே என்ற பயம் அப்போதே அவளுக்குள் வந்துவிட்டது.

கடைசியில் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. அவன் வரமாட்டான், அது இருவருக்கும் தெரியும். போர்வையில் சுற்றிக் காடியின் பின் இருக்கையில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டான். "பள்ளத்துல மெதுவா விடுங்கக்கா" என்று வாசற்படிவரை வந்து சொன்னான்.

ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நிஹால் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். கீழே அவன் மாமாவின் நாசி கண்டார் சோற்றுக்கடை. அதனால் மாடி முழுக்கக் கறி வாசனை அடிக்கும். முப்பது வயதிருக்கும், ஓயாமல் பேசுகிற ஆள்.

"விட்டுட்டுப் போங்கக்கா. நாளெல்லாம் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் கூப்பிட்டான். "அக்கா, இதுல ஒன்னும் இல்லலா. காலையிலேருந்து பெரிய பெரிய கேமாப் போட்டு அடிச்சுப் பாத்துட்டேன், கல்லு மாதிரி ஓடுது."

வீட்டுக்குக் கொண்டுவந்து சொருகினார்கள். அரை மணி நேரத்தில் கறுத்தது. மறுபடி கடை. நிஹால் பவர் சப்ளையை மாற்றிக் கொடுத்தான். வீட்டில் கறுத்தது. அடுத்து, தன்னிடமிருந்த ஒரு கிராஃபிக்ஸ் கார்டை இரவலாகப் போட்டுக் கொடுத்தான். அதுவும் வீட்டில் கறுத்தது. குமரனுடைய பழைய கார்டோ கடையில் வேறொரு பெட்டியில் ஆனந்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

நிஹால் தலையைச் சொறிந்தான். "பொட்டிக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் மாத்தியாச்சுக்கா. மாத்தாதது உங்க வீடு ஒன்னுதான். எந்த பிளக்குல போடுறாரு?"

"அவன் ரூம்லதான்."

"வேற ரூம்ல போட்டுப் பாக்கச் சொல்லுங்க. நீட்டு வயரு போட்டு இழுக்க வேணாம், வயரு சூடாகி எரிஞ்சிரும். பொட்டியவே தூக்கிட்டுப் போயி வேற பிளக்குல போடுங்க."

ஹாலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு பிளக் இருந்தது. சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் நகர்த்தி, பெட்டியையும் திரையையும் அங்கே வைத்தார்கள். குமரன் ஆடினான். மத்தியானம் முழுக்க ஆடினான். சுவர்ணா துணி மடித்தாள், வாசல் கூட்டினாள், அடிக்கடி எட்டிப் பார்த்தாள். திரை கறுக்கவே இல்லை. அவன் அறை பிளக்கில்தான் ஏதோ கோளாறு. கரண்ட் ஒரு நொடி விட்டுவிட்டு வருகிறது, பெட்டி அதைத் தாங்கவில்லை.

"அப்ப வயர்மேன கூப்புட்டு ரூம் பிளக்க சரி பண்ணச் சொல்லலாம்" என்றான்.

"கூப்புடுறேன்பா. வயர்மேன் அப்பாவு அண்ணன் இப்ப ரொம்ப பிசியா இருக்காராம்."

அப்பாவு பிசியாக இருக்கிறாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அவரிடம் அவள் கேட்கவே இல்லை.

அப்படியாகக் குமரன் ஹாலுக்கு வந்தான். அந்த மழைக்காலம் முழுக்க அவன் ஹாலில்தான் இருந்தான்.

தம்பியின் குரலை அவள் அப்போதுதான் உண்மையில் கேட்டாள். காதில் மாட்டிய கருவியோடு அவன் சபாவிலும் ஜகார்த்தாவிலும் சென்னையிலும் இருக்கிறவர்களோடு மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறிமாறிப் பேசினான். கூட்டமாக ஒரு கோட்டைக்குள் நுழைகிற ஆட்டம். அடிபட்டு விழுகிறவர்களைத் தூக்கிவிடுவதுதான் இவன் வேலை. எல்லாருக்கும் பின்னால் போவான். யாராவது பதறினால், "மச்சான், பயப்படாத, நான் பின்னாலதான் இருக்கேன், நீ போ" என்பான். அவ்வளவு நிதானமாக, அவ்வளவு பரிவாக. அவர்கள் சொல்கிற ஏதோ ஒரு வேடிக்கைக்கு வாய்விட்டுச் சிரிப்பான். சமையலறையில் சுவர்ணா குழாயை மூடிவிட்டு நின்று அதைக் கேட்பாள். இந்தப் பிள்ளைக்கா பேச்சு வராது என்று எல்லாரும் சொல்கிறார்கள்!

ஒருநாள் கேட்டாள்: "அவங்களுக்கு உன் பேரு தெரியுமா?"

"கேம்ல வச்ச பேருதான் தெரியும்."

"எங்க இருக்கேன்னு?"

"மலேசியான்னு தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது போதும்லக்கா?" என்றான்.

சாப்பாடு இருவருக்கும் ஒரே நேரத்தில் ஆயிற்று. அவள் கைப்பேசியில் நிறைந்து கிடந்த குப்பையையெல்லாம் அழித்துக் கொடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "முடி ரொம்ப நீட்டா இருக்கு, நான் வெட்டிவிடவா?" என்று பயந்து பயந்து கேட்டாள். சரி என்றான். பின்கட்டில் நாற்காலி போட்டு, கழுத்தில் துண்டு கட்டி, கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் போயிற்று. அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருக்கு" என்றான். அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அங்கேதான் அவள் அவசரப்பட்டாள் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள். அவசரப்படாமல் இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

இரவல் கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, நிஹாலிடம் தம்பியைப் பற்றிச் சொன்னாள். நெட்வொர்க் வேலை தெரிந்தவன், வீட்டிலேயே இருக்கிறான் என்று. நிஹால் உடனே, "அனுப்புங்கக்கா. எனக்கு ஆளு வேணும்லா. ஆபிஸுக்கெல்லாம் லைன் போட்டுக் குடுக்கக் கேட்டுக்கிட்டே இருக்காங்க, எனக்கு அது வராது" என்றான். அவள் படியிறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

குமரனிடம் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான். கடை எப்படி, எத்தனை பேர் இருப்பார்கள், கீழே சாப்பாட்டுக் கடையில் கூட்டம் இருக்குமா என்று விசாரித்தான். "பாக்கலாம்" என்றான். ரெண்டு நாள் கழித்து அவனே, "சனிக்கிழமை போலாமா?" என்றான்.

சனிக்கிழமை காலை குளித்து, கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். சட்டை தோளில் தொங்கியது. எதையாவது சொல்லிக் கெடுத்துவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். காடியில் ஏறினான். தாமான் வீட்டு வரிசைகளைத் தாண்டினார்கள். லகாட் சாலையில் ஏறியதும் முன்னால் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களுமாக நெரிசல். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. பக்கத்து வண்டியிலிருந்து ஒரு பெண் சும்மா இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

குமரன் கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தான். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அக்கா, திரும்பலாம்."

"இன்னும் கொஞ்ச தூரந்தான்பா. கடைக்குள்ள போகக்கூட வேணாம், சும்மா கீழே நின்னு பாத்துட்டு..."

"அக்கா. ப்ளீஸ்."

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பினாள். வீட்டு வாசலில் இறங்கும்போது அவன், "மன்னிச்சிருங்க" என்றான். அதைவிட அவன் திட்டியிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகும் அவன் ஹாலில்தான் உட்கார்ந்தான். ஆனால் சிரிப்பு குறைந்துவிட்டது. சாப்பிடும்போது தட்டை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய்விட்டான்.

அந்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, புனிதவதி மாமி வந்தார். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலுக்கு வந்தவர் அப்படியே பார்த்துவிட்டுப் போகலாமென்று சொல்லாமல் வந்துவிட்டார். வாசலில் காலடி கேட்டு குமரன் எழுவதற்குள் மாமி ஹாலுக்குள் நின்றார்.

"அட, குமரனே! எவ்வளவு நாளாச்சு பாத்து. நல்லா இருக்கியா?"

"இருக்கேன் மாமி."

மாமி கெட்டவரில்லை. கையில் பிரசாதம் இருந்தது, முகத்தில் சந்தோஷம் இருந்தது. திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "விளையாட்டா? விளையாடு, விளையாடு. ஆனா உன்னோட படிச்ச பிரஷாந்தன் இப்ப தஞ்சோங் மாலிம் காடித் தொழிற்சாலையில மேனேஜராம், தெரியுமோ? ரெண்டு பிள்ளை. உங்க அப்பா இருந்தா..." என்று சொல்லி, சுவர்ணாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

குமரன் காதுக்கருவியை வாய்ப்பக்கம் இழுத்து, "ஸாரி, நான் போகணும்" என்று யாருக்கோ மெல்லச் சொன்னான். திரையைத் தன் கையாலேயே அணைத்தான். மாமிக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்ததும் அவன்தான். அவர் போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான்.

மாமியின் வண்டி தெருமுனை திரும்பியதும், பெட்டியையும் திரையையும் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனான். சாப்பாட்டு மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்தினான்.

"அங்க கறுத்துருமேப்பா" என்று சுவர்ணா கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்.

"பரவால்லக்கா."

கறுக்கத்தான் செய்தது. அவளுக்கு இப்போது அந்தச் சத்தம் அத்துப்படி. ஆட்டச் சத்தம் ஒரே இழுவையாக இழுக்கும், பிறகு காத்தாடி கத்தும், பிறகு அமைதி. ஒரு சின்ன 'டிக்'. மறுபடி தொடங்குவான். மறுபடி இழுவை, காத்தாடி, அமைதி. சாயங்காலம் அவள் காலணியைக் கழற்றிவிட்டு, "இன்னைக்கு என்னப்பா, கறுத்துச்சா?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து "ம்" என்று வந்தது. கோளாறு இருந்தால் வெளியே வருவான் என்று அவள் நினைத்திருந்தாள். கோளாறும் இருந்தது, அவனும் வரவில்லை. ஹாலில் வந்து உட்கார்வதைவிட, கறுத்துக் கறுத்து நிற்கிற ஆட்டமே மேலென்று அவன் தீர்மானித்துவிட்டான்.

அந்தச் சத்தத்தைச் சில நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் அறுபடுகிற அவன் குரலையும் கேட்டாள். "நான் பின்னாலதான் இருக்..." அங்கே நின்றுவிடும். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அப்பாவு அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

வயர்மேன் அப்பாவு மறுநாளே வந்துவிட்டார். அவர் சும்மாதான் இருந்திருக்கிறார். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றினார். உள்ளே ஒரு திருகாணி தளர்ந்து, வயர் நுனி கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது.

"நல்ல வேளம்மா, தீப்புடிச்சிருக்கும். ஏன் இத்தனை நாளு சொல்லல?"

குமரன் அறை மூலையில் நின்று, அவளை ஒருதரம் பார்த்தான். புதுப் பிளக் மாட்டி, புது வயர் இழுத்துக் கொடுத்துவிட்டு அப்பாவு போனார். "தேங்க்ஸ்க்கா" என்று குமரன் சொன்னான். கதவைச் சாத்திக்கொண்டான்.

அதன்பிறகு அந்தக் கணினி ஒரு நாளும் கறுக்கவில்லை.

வீடு பழையபடி ஆயிற்று. தட்டை வாசலில் ஒரு ஸ்டூலில் வைப்பாள். வெறும் தட்டு கழுவித் திரும்பி வரும். முடி மறுபடி வளர்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். பார்க்கக் கிடைப்பது அபூர்வம். கதவுக்குப் பின்னால் அவன் சிரிப்பது எப்போதாவது கேட்கும். அதைக் கேட்பதற்காகவே குளியலறைக்கும் அறைக்கும் நடுவில் துணி மடிக்க உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மின்சாரப் பெட்டியின் முன்னால் நின்றாள். எதற்காக அங்கே வந்தோமென்று அவளுக்கே தெரியாததுபோல நின்றாள். அப்பாவு ஒவ்வொரு சுவிட்சின் கீழும் எந்த அறை என்று எழுதிவைத்திருந்தார். தம்பி அறைக்கான சுவிட்சில் விரலை வைத்துக் கீழே தட்டினாள்.

கதவு திறந்தது. "அக்கா, கரண்ட் போச்சா?"

"ஆமாம் போல." அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தாள். குரல் நன்றாகத்தான் வந்தது. "வா, உக்காரு. கோப்பி கலக்கவா?"

குமரன் தலை நிமிர்ந்து பார்த்தான். ஹாலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சமையலறையில் ஐஸ்பெட்டி முனகிக்கொண்டிருந்தது. அவன் மின்சாரப் பெட்டிக்குப் போய், கீழே கிடந்த ஒரே சுவிட்சை மேலே தட்டிவிட்டு வந்தான். அவள் பக்கத்தில் வந்ததும் நின்றான். அவன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை.

"நான் நடுவுல விட்டுட்டு வந்தா, அங்க அவங்க எல்லாரும் செத்துருவாங்கக்கா" என்றான். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, மெதுவாக. "இனிமே செய்யாதீங்க."

"செய்ய மாட்டேன்பா."

அவன் உள்ளே போனான். ரொம்ப நேரம் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. காய்ந்த துணியை எடுக்க வேண்டுமென்று தோன்றியது, எழுந்திருக்கவில்லை.

பிறகொரு நாள் கிளினிக் கணினிக்கு மவுஸ் வாங்க நிஹால் கடைக்குப் போக நேர்ந்தது. அவன் அவளைக் கண்டதும், "அக்கா! பிசி எப்படி ஓடுது?" என்று கேட்டான்.

"நல்லா ஓடுது தம்பி. ஒரு தொந்தரவும் இல்ல."

"தம்பிய எப்ப அனுப்பப் போறீங்க? நான் இன்னும் யாரையும் எடுக்கலலா, அவருக்காகத்தான் வச்சிருக்கேன்."

கீழே சாப்பாட்டுக் கடையில் மத்தியானக் கூட்டம். தட்டுச் சத்தமும் ஆர்டர் சொல்லும் குரல்களும் படியேறி வந்தன. சுவர்ணா கைப்பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"வேற ஆளு பாத்துக்குங்க தம்பி" என்றாள். கீழே இறங்கி, கறி புங்குஸ் ரெண்டு பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் வரிசையில் நின்றாள்.